அங்கீகரிக்கப்பட்ட ஏழு காயங்கள்

மனிதத் தோலுக்கு ஏழு விதமாகத்தான் கேடு வர முடியும் என்று தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அதைத் தினமும் தாளில் எழுதியவன் நான். என் ஆங்கிலக் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லது அது ஒன்றுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் பழவேற்காடு ஏரியில் வலையும் இல்லாமல் படகும் இல்லாமல் வெறுங்கையால் இறால் பிடிப்பவர்கள். பத்துப் பேர் ஒரு வரிசை கட்டி, தண்ணீர் மார்பைத் தொடுகிற மாதிரி மண்டி போட்டு நகர்வார்கள். பறி என்று ஓலையில் முடைந்த ஒரு பை உண்டு. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டால் அது முகவாய்க்குக் கீழே மிதக்கும். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. கயிறு கடித்த வாய்க்குப் பேச்சு இல்லை. விரல்தான் பார்க்க வேண்டும். அந்த விரலை இறால் கொம்பு கிழிக்கும், நண்டு கவ்வும், சிப்பி அறுக்கும். ஆகையால் எங்கள் பக்கம் பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வழவழவென்று இருந்தால் பையன் வேலைவெட்டிக்குப் போவதில்லை என்று அர்த்தம். கொடுத்த கலர் சோடாவைக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

இந்த இறாலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று, பெட்டியின்மேல் 'கையால் பிடித்தது' என்று அச்சடித்தது. சரக்கு பறந்தது. அப்போது அந்த நாட்டில் யாரோ ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, அது யாருடைய கை, எப்படி இருக்கும் என்று கேட்டு ஒரு வரி எழுதிப் போட்டாராம். அந்த ஒரு வரிக்குப் பதிலாக எங்கள் ஊருக்கு வந்து இறங்கியதுதான் உவர்நீர்க் கைத்தூய்மைச் சான்று மையம். ஏரியில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. கரையேறியதும் கையைக் காட்டி, அன்றைய காயம் என்ன என்று ஆங்கிலத்தில் பதிந்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத அட்டைக்காரரின் இறாலைக் கம்பெனி தொடாது. வேறு யாரும் வாங்க அங்கே மிச்சமும் இல்லை.

மையத்தின் காய வகைப்பாட்டு அலுவலர் பெயர் சுபாஷ். சென்னையிலிருந்து வந்தவர், இஸ்திரி கலையாதவர், நல்ல மனுஷர். அவரிடம் ஒரே ஒரு குறை. ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். ஆகவே காயத்தைப் பார்க்கும் வேலையை ஒருவனும், பார்க்காமல் கையெழுத்துப் போடும் வேலையை அவரும் செய்வது என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒருவன் நான். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் வருஷம். மூன்று மாதக் களப்பணிச் சான்றிதழ் இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. மையத்தில் நடப்பதைக் கல்லூரி கேன்டீனில் நடித்துக் காட்டினால் நான்கு மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஏழு சொற்களையும் சுபாஷ் சார் எனக்கு ஒரு காலையில் கற்றுக்கொடுத்தார். ஸ்கிராட்ச் என்றால் கூரான ஒன்று தோலின்மேல் கோடு போட்டுவிட்டுப் போவது. அதற்கு விடுப்பு இல்லை. சொரசொரப்பான எதிலாவது தேய்ந்து தோல் வழன்றால் ஸ்கிரேப், ஒரு நாள் ஏரிக்குள் இறங்கக் கூடாது. கிரேஸ் என்பதும் அதேதான், கொஞ்சம் நாசூக்கு கூட, ஒன்றரை நாள். அதையே டாக்டர் சொன்னால் அப்ரேஷன் ஆகிவிடும், மூன்று நாள். நிக் என்பது சவரம் செய்யும்போது மோவாயில் விழுகிற மாதிரிச் சின்ன வெட்டு. கட் என்பது நிஜ வெட்டு. லாசரேஷன் என்றால் கிழிசல். கிழிந்தவர் இருபத்தொரு நாள் தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

சுவரில் இவற்றுக்கான படம் மாட்டியிருந்தது. ஏழு படத்திலும் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் முழங்கால். முதல் நாள் கையைக் காட்ட வந்த கஸ்தூரி அத்தை அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பெத்த புள்ளையோ. ஏழு வாட்டி வுழுந்துகீதே, யாரும் புடிக்கலியா?" என்று கேட்டாள்.

அது மாதிரிப் படம் என்று சுபாஷ் சார் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

கஸ்தூரி அத்தை எங்கள் வரிசையின் வலது கோடி. கோடியில் நிற்பவர்தான் வரிசையைத் திருப்புவார். அதற்குச் சரியான கை வேண்டும். அவளுடைய வலது ஆள்காட்டி விரலுக்குச் சேற்றில் இருப்பது வெள்ளை இறாலா கறுப்பு இறாலா என்று தொடாமலே தெரியும் என்பார்கள். அது மிகை. தொட்டால் தெரியும். அவள் புருஷன் சடையன் மாமா அவளுக்கு அடுத்த இடத்தில் தவழ்பவர். பேசுவதற்கு வாய்ப்பில்லாத தொழில் என்பதால் கரைக்கு வந்ததும் சேர்த்துப் பேசிவிடுவார்.

அன்றைக்கு அத்தையின் கையில் நாற்பத்தொரு காயம் எண்ணினேன். படிவத்தில் இரண்டுக்குத்தான் இடம். ஒவ்வொன்றும் என்றைக்குப் பட்டது என்று கேட்டேன். ஒரு தழும்பைக் காட்டி, இது கல்யாணத்துக்கு முந்தி, இது சுனாமி வந்த வருஷம், இது எங்க அம்மா செத்த மூணாம் நாள் சிப்பி அறுத்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் கூட்டியபோது அத்தைக்கு எழுபத்தாறு நாள் விடுப்பு வந்தது. சடையன் மாமாவுக்குத் தொண்ணூற்று மூன்று. வரிசை முழுக்கச் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் கம்பெனிக்கு ஓர் இறால்கூடப் போகாது. சுபாஷ் சார் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். பத்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது. மையம் தொடங்குவதற்கு முன் ஏற்பட்ட காயங்கள் காயங்களாகக் கருதப்பட மாட்டா; அவை சம்பந்தப்பட்டவரின் தோலைச் சேர்ந்தவை.

அடுத்த சிக்கல் ஸ்கிரேப்புக்கும் கிரேஸுக்கும் நடுவே. அரை நாள் வித்தியாசம் இருக்கிறதே. இதைத் தீர்க்க சுபாஷ் சாரை மூன்று நாள் நட்சத்திர ஓட்டல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். "ஸ்கிரேப்னா நீங்க போய் ஒரு பொருள்மேல உரசுறீங்க. கிரேஸ்னா ஒரு பொருள் வந்து உங்கமேல உரசிட்டுப் போகுது. யார் போனாங்க, யார் வந்தாங்கன்றதுதான் பாயின்ட்."

சடையன் மாமா எழுந்தார். "சார், தண்ணி கலங்கல். நான் நண்டாண்ட போனனா, நண்டு எங்கிட்ட வந்துச்சான்னு எப்டி சொல்றது? அதாண்டதான் கேக்கணும்."

மாமா கிண்டலாகச் சொன்னது. சுபாஷ் சார் குறித்துக்கொண்டார். மறுவாரம் முதல் படிவத்தில் 'காரணப் பொருள்' என்று ஒரு கட்டம் முளைத்தது. காயம் ஏற்படுத்திய பொருளைக் கையோடு ஒப்படைக்க வேண்டும். அது தொண்ணூறு நாள் பாதுகாக்கப்படும். ஒரு மாதத்தில் மையத்தின் இரும்பு பீரோவில் இருநூற்றுப் பன்னிரண்டு சிப்பிகள், எண் எழுதிய அட்டை கட்டி, ஆளுக்கொரு நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தன. கேன்டீனில் நான் இந்த இடத்துக்கு வரும்போது ஒருவன் டீயைத் துப்பிவிட்டான்.

நூற்றுப் பதினெட்டாம் எண் காரணப் பொருளுக்கு உயிர் இருந்தது. மாமா கொண்டுவந்த நண்டு. கால் கட்டை அவிழ்த்துக்கொண்டு கோப்பு அறைக்குள் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து கிரேஸ் கோப்பை எடுக்கக் கை விட்ட சுபாஷ் சாரின் சுண்டுவிரலை அது கவ்வியது. எங்கள் கணக்கில் அது காயமே இல்லை. உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சார் கண்ணை மூடிக்கொண்டு, படிவம் கேட்டு, தாமே பெரிய எழுத்தில் லாசரேஷன் என்று எழுதி, இருபத்தொரு நாள் விடுப்பில் சென்னைக்குப் போனார். போகும்போது முத்திரையை என்னிடம் கொடுத்தார்.

அவர் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்புதான் மையத்தின் இயக்குநர் நந்தினி மேடம் வந்து வெள்ளைக் கைத் திட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தார். பந்தல் போட்டு, மைக் வைத்து, நல்ல பேச்சு. "நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஏரியில ஒரு காயம்கூடக் கிடையாது. ஏன்னா ஒண்ணுகூடப் பதிவாகல. இன்னைக்கு நாலாயிரத்து முந்நூறு காயம் இருக்கு. ரெண்டே மாசத்துல. இதுக்கு முழுக் காரணம் நம்ம மையம்தான்." கைதட்டல் வராததால் அவரே தட்டினார். பிறகு திட்டத்தைச் சொன்னார். முப்பது நாள் தொடர்ந்து விடுப்புக்குரிய காயம் எதுவும் இல்லாத வரிசைக்கு வெள்ளைக் கை விருது. விருது பெற்ற வரிசை அடுத்த ஆறு மாதம் கையைக் காட்ட வர வேண்டியதில்லை.

ஊரில் அதுவரை யாருக்கும் இவ்வளவு பெரிய பரிசு அறிவிக்கப்பட்டதில்லை. ஆறு மாதம் நிம்மதியாகக் காயப்படலாம்.

ஆனால் நிபந்தனை இருந்தது. தகுந்த காரணம் இல்லாமல் யாராவது ஒரு நாள் வராவிட்டால் அது மறைக்கப்பட்ட காயம். எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். அதோடு, ஏரிக்குள் யாராவது கையைத் தூக்கினால் அது சம்பவம். அதற்கும் எண்ணிக்கை போய்விடும். கையைத் தூக்குவதை எண்ணக் கரையில் ஒரு மூங்கில் கோபுரம் கட்டி, என்னிடம் ஒரு பைனாகுலர் கொடுத்திருந்தார்கள்.

கையைத் தூக்குவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சேற்றில் கெளுத்தி மீன் கிடக்கும். அதன் முள் ஏறினால் சாதாரண வலி இல்லை. பல்லில் கயிறு இருப்பதால் கத்த முடியாது. ஆகவே குத்துப்பட்டவர் கையைத் தூக்குவார். தூக்கிய கணத்தில் வரிசை நிற்கும். இரண்டு பேர் அவரைக் கரைக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே அடுப்பு மூட்டி, பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்து, கெட்ட ரத்தத்தைப் பிதுக்கி, அன்றைக்கே ஊசி போட அனுப்பிவிடுவார்கள். யாரும் உத்தரவு போட்டு ஏற்பட்டதல்ல. கை மேலே போனால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். எங்கள் ஆட்களில் முள் ஏறி விரல் போனவர் என்று ஒருவரும் இருந்ததில்லை.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வரிசை எப்படியோ தப்பியிருந்தது. சுபாஷ் சார் போன மறுநாள் நான் வரிசையைக் கூப்பிட்டு யோசனை சொன்னேன். "யாரும் கைய தூக்காதீங்க. எதுவானாலும் கரைக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்க, ஸ்கிராட்ச்னு எழுதிடறேன். அதுக்கு லீவும் கெடையாது, கணக்கும் கெடையாது. நான் பாத்துக்கறேன்."

எல்லாருக்கும் சந்தோஷம். சிப்பி அறுத்தாலும் ஸ்கிராட்ச், நண்டு கவ்வினாலும் ஸ்கிராட்ச். தாளில் அந்த ஒரு சொல் அழகாகக் கீழே கீழே இறங்கியது. என்னை டாக்டரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

இருபத்தேழாம் நாள் காலை, கோபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கோடி ஒரு நிமிஷம் நின்றது. கஸ்தூரி அத்தையின் தோள் மேலே வந்தது, கை வரவில்லை. பிறகு வரிசை நகர்ந்தது. நான் பைனாகுலரை இறக்கிவிட்டுப் பாதி தின்ற பொறை பிஸ்கட்டைத் தின்று முடித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கரையேறினாள். பறி நிறைய இறால். நேராக என்னிடம் வந்து வலது ஆள்காட்டி விரலை நீட்டினாள். அடிக்கணுவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பேனா முனை பட்ட மாதிரி. ரத்தம்கூட இல்லை.

"கெளுத்தி," என்றாள். "கைய தூக்கலாம்னு வந்துச்சு. அப்பறம் நீ சொன்னது நெனப்பு வந்துச்சு."

நான் படிவத்தைப் பார்த்தேன். ஏழு கட்டம். கோடு, தேய்ப்பு, உரசல், வெட்டு, கிழிசல் எல்லாம் இருந்தன. துளை இல்லை. துளைக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு. பங்சர். எனக்குத் தெரியும். முதலாம் வருஷத்திலிருந்தே தெரியும். ஆனால் பட்டியலில் இல்லாத எட்டாவது சொல்லை எழுதினால் ஒன்பதாம் எண் படிவம் நிரப்ப வேண்டும். அது தலைமையகம் போகும். இருபத்தேழு நாளும் போகும். இதுவரை எழுதிய ஸ்கிராட்ச் அத்தனையும் யாராவது புரட்டிப் பார்க்கக்கூடும். என் சான்றிதழுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இவ்வளவும் யோசிக்க எனக்கு இரண்டு வினாடி ஆயிற்று. மூன்றாவது வினாடியில் எழுதினேன்.

"இன்னா எழுதன?"

"ஸ்கிராட்ச். கீறல்னு அர்த்தம் அத்த."

"கீறலா? உள்ள பூந்துச்சு நைனா."

"அவங்க லிஸ்ட்ல உள்ளன்னு ஒண்ணுமே இல்ல அத்த. எல்லாமே மேலாக்கதான்."

அத்தை சிரித்தாள். நல்ல வசனம் என்று எனக்கும் தோன்றியது. அன்று சாயங்காலம் கேன்டீனில் சொன்னேன். நான்கு மேஜையும் சிரித்தது.

வெந்நீர் யாரும் வைக்கவில்லை. கை மேலே போகாததால் அடுப்பு பற்றவில்லை, ஊசிக்கும் யாரும் அனுப்பவில்லை. அத்தையும் வீட்டில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு படுத்துவிட்டாள்; முப்பது நாள் ஆக இன்னும் மூன்றே நாள்.

இருபத்தெட்டாம் நாள் விரல் பருத்திருந்தது. அதோடு இறங்கினாள். இருபத்தொன்பதாம் நாள் புறங்கை முழுவதும் வீங்கி, விரல் வாழைப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. அன்றும் இறங்கினாள், இடது கையால் தடவினாள். கரைக்கு வந்ததும் சடையன் மாமா கொட்டகைக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். அவருக்கு அன்று பேச்சு குறைவாக இருந்தது.

"வேணு, அந்த வார்த்தைய மாத்தி எழுதுப்பா. லீவு வர்ற மாதிரி ஒண்ணு. விருது பூட்டா பூட்டும். ராவெல்லாம் முனகறா. காலைல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போணும்."

நான் மாற்றியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. முத்திரையும் என்னுடையதுதான். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்து, சுபாஷ் சாருக்குப் போன் போட்டேன். அவர் பதினாறாம் நாள் லாசரேஷனில் இருந்தார். பின்னால் கிரிக்கெட் சத்தம் கேட்டது. பொறுமையாக விளக்கினார். "தம்பி, ஒரு காயம் ரெக்கார்டுல சின்னதாத்தான் ஆகணும். அதுக்குப் பேர்தான் குணமாகறது. பெருசாச்சுன்னா முதல்ல எழுதினது பொய்னு ஆயிடும். பொய்ப் பதிவுக்கு எழுதினவர்தான் பொறுப்பு. இப்ப எழுதினவர் யாரு?"

நான்தான் என்றேன்.

"அப்ப பெருசாகலைன்னு வச்சுக்குவோம்," என்றார். "என்னோடதைப் பாருங்க. முதல்லயே லாசரேஷன்னு எழுதினதால ஒரு பிரச்சினையும் இல்ல."

போனை வைத்துவிட்டு மாமாவிடம் விதியைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். விதி என்றால் எங்கள் ஆட்கள் கேட்டுக்கொள்வார்கள். வெளியே மண்ணில் அத்தை உட்கார்ந்து கையைத் தொடைமேல் ஒரு குழந்தையைப் போல வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாள்தானே, வுடு," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

முப்பதாம் நாள் விடியும்போது அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மாமா முதுகில் தூக்கிக்கொண்டு போய் முதல் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் திருப்பாலைவனம் தாண்டுகிற நேரத்தில் நான் வருகைத் தாளில் அவர்கள் இருவர் பெயருக்கும் நேரே 'வந்தார், காயம் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். மீதி எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காக எழுதினேன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசைக்கு வெள்ளைக் கை கிடைத்தது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. மையம் என் கையெழுத்தைப் பாராட்டி என்னைப் பகுதிநேர வேலையில் வைத்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அத்தையின் கையைப் பார்த்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டாராம்: எத்தனை நாள் ஆச்சு? கை பிழைக்க வேண்டுமானால் விரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கை பிழைத்தது.

ஆறு வாரம் கழித்து இருவரும் மையத்துக்கு வந்தார்கள். வெள்ளைக் கை பெற்ற வரிசையாக இருந்தாலும், ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர் மறுபடி இறங்க மறுசான்று வாங்க வேண்டும். சடையன் மாமா இந்த ஆறு வாரமும் என்னோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஏரியைப் பார்ப்பார். அன்றும் வாசலிலேயே நின்றுகொண்டார். நந்தினி மேடம் வந்திருந்தார். குணமாகித் திரும்பிவிட்ட சுபாஷ் சார் தம் நாற்காலியில் இருந்தார்.

அத்தை மேஜைமேல் வலது கையை வைத்தாள். சுபாஷ் சார் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நேராகவே பார்த்தார். ரத்தம் இல்லை. ஆறு வாரம் தண்ணீரும் சேறும் படாததால் உள்ளங்கை வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. விரல் இருந்த இடத்தில் தோல் சுருக்கமில்லாமல் மூடியிருந்தது. ஸ்கிராட்ச் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். ஸ்கிரேப்? இல்லை. ஏழையும் கேட்டார். ஏழுக்கும் இல்லை என்றேன்.

"அந்த விரல்?" என்று மேடம் கேட்டார்.

"அது ஸ்கின் இஷ்யூ இல்ல மேடம்," என்றார் சுபாஷ் சார். "இல்லாத விரல்ல தோல் இருக்காது. தோல் இல்லாத எடத்துல காயம் இருக்க வாய்ப்பில்ல. பாக்கப்போனா, மத்தவங்களைவிட இவங்களுக்கு ரிஸ்க் ஒரு விரல் கம்மி."

மேடம் குனிந்து உள்ளங்கையைப் பார்த்தார். மையம் வந்த பிறகு இவ்வளவு சுத்தமான கையைத் தாம் பார்த்ததில்லை என்றார். அலைபேசியில் ஒரு படம் எடுத்தார். கொஞ்சம் சாய்த்து வையுங்கள் அம்மா, அந்தப் பக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்றார். அத்தை சாய்த்து வைத்தாள்.

நான் 'காயம்: இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

அட்டையை வாங்கிக்கொண்டு அத்தை போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். மூன்று நாளைக்கொருதரம் கட்டுக் கட்டிய நர்ஸம்மா, எப்படி ஆச்சு என்று இதில் எழுதியிருக்கிறது என்றாளாம். படிக்கச் சொன்னாள். டாக்டர் கையெழுத்து எல்லாரும் சொல்வது போல இல்லை, தெளிவாக இருந்தது. கெளுத்தி முள் பங்சர், ஏரித் தண்ணீரில் சீழ் பிடித்தது, தாமதமாக வந்தது. படித்து அர்த்தம் சொன்னேன்.

"பங்சர்னா?"

"குத்தி உள்ள போறது அத்த. துளை."

"அதான நான் சொன்னேன். உள்ள பூந்துச்சுன்னு." தாளை வாங்கி எட்டாக மடித்தாள். நான்கு விரலால் மடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வழி கேட்பவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. "இந்த வார்த்த அன்னிக்கு உனுக்குத் தெரியுமா வேணு?"

வாசலில் மாமா ஏரியைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"தெரியாது அத்த," என்றேன். "ஏழுதான் சொல்லிக் குடுத்தாங்க."

அத்தையின் முகம் தெளிந்தது. எதையோ இறக்கி வைத்த மாதிரி மூச்சு விட்டாள். வாசல் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "கேட்டுக்கினியா? நான் அன்னியிலருந்து சொல்லிகினுகீறேன். தெரிஞ்சா எழுதாம இருப்பானா நம்ம புள்ள? அவனுக்கே சொல்லிக் குடுக்கல. அவன் மூஞ்ச பாக்க மாட்டேன்னு நின்னியே ஆறு வாரம்."

சடையன் மாமா தலையைச் சொறிந்தார். செருப்பால் மண்ணைக் கிளறினார். ஒரு பெரிய மனுஷன் சின்னப் பையனிடம் தப்புக்கு வருந்துவது எப்படி என்று தெரியாமல் திணறினார். கடைசியில், "வா நைனா, டீ குடிக்கலாம்," என்றார்.

சாலைக் கடையில் பெஞ்சில் எனக்கு இடம் துடைத்து உட்காரவைத்தார். அத்தை எங்களுக்கு எதிரே நின்றுகொண்டாள். கண்ணாடித் தம்ளரை எந்த விரல்களால் பிடிப்பது என்று இரண்டு மூன்று விதமாக முயன்று, இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். படிக்கிற பிள்ளைக்கு இஞ்சி தட்டிப் போடு என்று மாமா கடைக்காரரிடம் சொன்னார். பன் வேண்டுமா என்றார். வேண்டும் என்றேன். தொட்டுக்கொண்டு தின்றேன். டீ நன்றாக இருந்தது.